விண்டோஸ் எக்ஸ்பியைப் பென் டிரைவிலிருந்து பழுதுநீக்கிய வரலாறு

விண்டோஸ் எக்ஸ்பி என்பது மைக்ரோசாப்ட் நிறுவனம் 2001 அக்டோபர் 25 அன்று விற்பனைக்கு வெளியிட்ட இயங்குதளம். 2014 ஏப்ரல் 8 அன்று அதற்கான நிறுவன ஆதரவு முடிவுக்கு வந்தது. இடைப்பட்ட பன்னிரண்டரை ஆண்டுகளில் கணினிகளிலிருந்து முதலில் நெகிழ்வட்டும் பிறகு குறுவட்டும் விடைபெற்றன. அவற்றின் இடத்தைப் பென் டிரைவ் பிடித்தது. ஆனால் எக்ஸ்பியோ குறுவட்டிலிருந்து நிறுவவும், பழுதானால் அதே குறுவட்டைக் கொண்டு சரிசெய்யவும் ஏற்றபடி எழுதப்பட்டது. பென் டிரைவிலிருந்து துவங்கும் வழி அதில் வைக்கப்படவில்லை. அந்த வழியை நிறுவனத்துக்கு வெளியே இருந்தவர்கள் பல ஆண்டுகளில் துண்டு துண்டாகக் கண்டுபிடித்துச் சேர்த்தார்கள்.

எக்ஸ்பி துவங்காமல் கறுப்புத் திரையில் நின்றுவிட்டால் பழுதுபார்க்கும் கடைகளில் பெரும்பாலும் கிடைத்த பதில், "ஃபார்மட் போட்டால் சரியாகிவிடும்" என்பதுதான். சரியாகத்தான் ஆகும், கூடவே குடும்பப் படங்களும் கடைக் கணக்கும் பாதி எழுதிய ஆய்வேடும் அழிந்துபோகும். சில வரிகள் கொண்ட ஒரு சிறு கோப்பில் ஓர் எண் மாறியிருந்ததற்காக முழு வன்தட்டையும் துடைத்த நிகழ்வுகள் உண்டு. அப்படிச் செய்யாமல் காப்பாற்ற முடியுமா என்பதே பென் டிரைவ் முயற்சிகள் அனைத்துக்கும் பின்னால் இருந்த கேள்வி.

குறுவட்டை நம்பிய காலம்

கணினி குறுவட்டிலிருந்து துவங்குவதற்கான எல் டொரிட்டோ என்ற வரையறையை பீனிக்ஸ், ஐபிஎம் நிறுவனங்கள் 1995-இல் வெளியிட்டன. அதுவரை துவக்கம் என்றாலே 1.44 மெகாபைட் கொள்ளளவுள்ள நெகிழ்வட்டுதான். எக்ஸ்பி வந்தபோது குறுவட்டுத் துவக்கம் பரவலாகிவிட்டது. அது வாய்க்காத பழைய கணினிகளுக்காக 6 நெகிழ்வட்டுகளில் அடங்கும் துவக்கக் கோப்புகளையும் மைக்ரோசாப்ட் வழங்கியது.

எக்ஸ்பி குறுவட்டில் இரண்டு பழுதுநீக்க வழிகள் இருந்தன. குறுவட்டிலிருந்து துவக்கி, முதல் திரையில் ஆர் விசையை அழுத்தினால் ரெகவரி கன்சோல் என்ற கட்டளைத் திரை வரும். விண்டோஸ் 2000-இல் அறிமுகமான கருவி அது. ஆர் விசையை அழுத்தாமல் எண்டர் அழுத்தி, உரிம ஒப்பந்தத்தை ஏற்று, அடுத்த திரையில் ஆர் அழுத்தினால் பழுதுநீக்க நிறுவல் தொடங்கும். நிரல்களையும் ஆவணங்களையும் விட்டுவிட்டு விண்டோஸ் கோப்புகளை மட்டும் புதிதாகப் பதிக்கும் முறை இது. ஒரே விசைக்கு இரண்டு திரைகளில் இரண்டு பொருள். இரண்டாவது திரையில் அதை அழுத்தத் தவறி, புதிய நிறுவலுக்குள் போய் வன்தட்டை இழந்தவர்கள் உண்டு.

ரெகவரி கன்சோலில் இன்னொரு சிக்கல் இருந்தது. விண்டோஸ் கோப்புறை, வட்டின் மேல்நிலைக் கோப்புறை போன்ற சில இடங்களைத் தவிர வேறெதையும் அது இயல்பாகத் திறக்க விடாது. வன்தட்டிலிருந்து ஒரு கோப்பை நெகிழ்வட்டு போன்ற வெளி ஊடகத்துக்கு நகலெடுக்கவும் விடாது. இந்தத் தடைகளை நீக்க ஓர் அமைப்பு உண்டு. அதைக் கணினி நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே மாற்றி வைத்திருக்க வேண்டும். நாளைக்கு இந்தக் கணினி கெட்டுப்போகும் என்று நினைத்து யார் முன்கூட்டியே அந்த அமைப்பைத் தேடிப்போய் மாற்றுவார்கள்? ஆக, அதிகாரபூர்வக் கருவியால் இயங்குதளத்தைத் தட்டி எழுப்ப முடிந்தது. உரிமையாளரின் கோப்புகளை வெளியே எடுத்துத் தர முடியவில்லை.

குறுவட்டே கையில் இல்லாத நிலையும் வந்தது. பல கணினி நிறுவனங்கள் எக்ஸ்பி குறுவட்டைத் தராமல், வன்தட்டின் ஒரு மூலையில் மீட்புப் பகிர்வு ஒன்றை மறைத்து வைத்து விற்றன. வன்தட்டு கெட்டால் மீட்புப் பகிர்வும் சேர்ந்து கெடும். வீட்டுச் சாவியை வீட்டுக்குள்ளேயே வைத்துப் பூட்டிய கதைதான். அது வேலை செய்தாலும், கணினியை வாங்கிய நாளின் நிலைக்கு அது கொண்டுபோகும்போது பயனரின் கோப்புகள் பெரும்பாலும் அழிந்துவிடும்.

பென் டிரைவின் வருகை

யுஎஸ்பி இணைப்பின் முதல் வரையறை 1996-இல் வந்தது. 2000-ஆம் ஆண்டில் சிங்கப்பூரின் டிரெக் நிறுவனம் தம்ப்டிரைவ் என்ற பெயரிலும், இஸ்ரேலின் எம்-சிஸ்டம்ஸ் உருவாக்கியதை ஐபிஎம் டிஸ்க்ஆன்கீ என்ற பெயரிலும் யுஎஸ்பி நினைவகங்களை விற்பனைக்குக் கொண்டுவந்தன. டிஸ்க்ஆன்கீயின் கொள்ளளவு 8 மெகாபைட். இன்று ஒரு கைப்பேசிப் படத்துக்கே அது சரியாகப் போய்விடும்; அன்று அது 5 நெகிழ்வட்டுகளுக்கு மேல். அப்போது பரவலாக இருந்த யுஎஸ்பி 1.1 நொடிக்கு 12 மெகாபிட் வேகம் கொண்டது. 2000 ஏப்ரலில் வெளியான யுஎஸ்பி 2.0 அதை 480 மெகாபிட்டாக உயர்த்திய பிறகுதான் பென் டிரைவிலிருந்து ஓர் இயங்குதளத்தைத் துவக்குவது என்ற எண்ணத்துக்கே பொருள் வந்தது.

பயாஸ் என்னும் அடிப்படை மென்பொருளில் அதற்கான ஆதரவு வந்த விதம் குழப்பமானது. சில கணினிகள் பென் டிரைவை நெகிழ்வட்டாக எண்ணிக்கொண்டன. சில ஜிப் வட்டாகவும், சில வன்தட்டாகவும் பார்த்தன. ஒரு கணினியில் துவங்கிய பென் டிரைவ் பக்கத்து மேசைக் கணினியில் துவங்காது. பயாஸில் வழியே இல்லாத கணினிகளுக்குப் பிளாப் என்ற சிறு துவக்க நிரல் பயன்பட்டது. அதை நெகிழ்வட்டிலோ குறுவட்டிலோ வைத்துத் துவக்கினால், அது பென் டிரைவைக் கண்டுபிடித்துப் பொறுப்பை ஒப்படைக்கும்.

பென் டிரைவை வசதி என்ற நிலையிலிருந்து கட்டாயமாக மாற்றியவை சிறு மடிக்கணினிகள். 2007 அக்டோபரில் ஏசுஸ் நிறுவனத்தின் ஈ பிசி குறுவட்டு இயக்கி இல்லாமலே லினக்ஸுடன் வந்தது. அடுத்த ஆண்டே இவ்வகைக் கணினிகள் எக்ஸ்பியோடு வரத் தொடங்கின. விஸ்டா வந்த பிறகு எக்ஸ்பியின் பொது விற்பனையை 2008 ஜூன் 30-இல் நிறுத்திய மைக்ரோசாப்ட், இந்தச் சிறு கணினிகளுக்கு மட்டும் 2010 அக்டோபர் வரை அதைத் தொடர்ந்து வழங்கியது. குறுவட்டை நம்பிய இயங்குதளம், குறுவட்டுக்கு இடமே இல்லாத கணினிகளில் விற்கப்பட்டது. அவை பழுதானபோது பலருக்கு எஞ்சியது யுஎஸ்பி துளை ஒன்றுதான்.

எக்ஸ்பி ஏன் மறுத்தது

குறுவட்டிலுள்ள கோப்புகளை அப்படியே பென் டிரைவில் நகலெடுத்தால் ஏன் போதவில்லை? இதைப் புரிந்துகொள்ள எக்ஸ்பி துவங்கும் வரிசையைப் பார்க்க வேண்டும்.

கணினிக்கு மின்சாரம் வந்ததும் பயாஸ் விழித்து, வட்டின் முதல் 512 பைட்டுகளைப் படிக்கிறது. அதில் 446 பைட்டுகள் நிரல், 64 பைட்டுகள் பகிர்வு அட்டவணை, கடைசி 2 பைட்டுகள் அடையாளக் குறி. அந்த நிரல் செயலில் உள்ள பகிர்வின் துவக்கப் பிரிவுக்குத் தாவுகிறது. அது என்டிஎல்டிஆர் என்ற கோப்பை அழைக்கிறது. என்டிஎல்டிஆர், பூட்.ஐஎன்ஐ என்ற சிறு உரைக்கோப்பைப் படித்து விண்டோஸ் எந்த வட்டில், எந்தப் பகிர்வில் இருக்கிறது என்று தெரிந்துகொள்கிறது. பிறகு கருநிரலையும் ஹால்.டிஎல்எல் கோப்பையும், துவக்கத்துக்கு இன்றியமையாத இயக்கி நிரல்களையும் நினைவகத்தில் ஏற்றுகிறது. இதுவரை வட்டைப் படித்துத் தருவது பயாஸ்தான்.

இதற்குப் பிறகு கருநிரல் பொறுப்பேற்று, பயாஸை ஒதுக்கிவிட்டுத் தன் சொந்த இயக்கி நிரல்கள் மூலம் வட்டைப் படிக்க முயல்கிறது. நடு ஆற்றில் படகு மாறுவது போன்ற இந்த இடத்தில்தான் எக்ஸ்பி தவறி விழுந்தது. எக்ஸ்பியில் யுஎஸ்பி இயக்கி நிரல்கள் துவக்கத்துக்கு இன்றியமையாதவற்றின் பட்டியலில் இல்லை. அவை தாமதமாகவே விழிக்கும். விழித்ததும் யுஎஸ்பி இணைப்பை ஒரு முறை துண்டித்துப் புதிதாகத் தொடங்கும். தான் எந்தப் பென் டிரைவிலிருந்து ஓடிக்கொண்டிருக்கிறதோ அதையே விண்டோஸ் ஒரு கணம் இழந்துவிடும். விளைவு நீலத்திரை, அதில் 7பி என்று முடியும் பிழை எண். துவக்க வட்டை அணுக முடியவில்லை என்பது அதன் பொருள்.

இது தீர்க்கவே முடியாத குறை அல்ல. கருவிகளில் பொதிக்கப்படும் எக்ஸ்பி எம்பெடட் என்ற பதிப்புக்கு, 2007-இல் வெளியான கூடுதல் தொகுப்பின் வழியாக மைக்ரோசாப்ட்டே யுஎஸ்பி துவக்கத்தை வழங்கியது. மேசைக் கணினிப் பதிப்புக்கு அது வரவில்லை.

வெளியாட்கள் கண்ட வழிகள் பல. நிறுவல் நிரலின் பட்டியல் கோப்புகளைத் திருத்தி, யுஎஸ்பி இயக்கி நிரல்களை முன்கூட்டியே ஏற்ற வைப்பது ஒன்று. பென் டிரைவிலுள்ள முழு வட்டுப் பிம்பத்தையும் முதலில் நினைவகத்தில் ஏற்றிவிட்டு, அங்கிருந்து துவக்குவது மற்றொன்று. பென் டிரைவ் நடுவில் துண்டிக்கப்பட்டாலும் அப்போது கவலையில்லை. இத்தகைய உத்திகளை ஒன்றுசேர்த்த கருவிகளில் வின்செட்டப்ஃப்ரம்யுஎஸ்பி பெரிதும் பயன்பட்டது. அதில் செய்த பென் டிரைவில் எக்ஸ்பிக்கு இரண்டு தேர்வுகள் தெரியும்: நிறுவலின் முதல் பாதி, இரண்டாம் பாதி. எக்ஸ்பி நிறுவலின்போது கணினி நடுவில் ஒருமுறை மறுதுவக்கம் ஆகும். குறுவட்டில் இது தானாக நடந்துவிடும். பென் டிரைவில் பயனர் சரியான தேர்வைத் தாமே தொட்டுக் காட்ட வேண்டும்.

அப்படி வெற்றி பெற்றவர்களுக்கும் ஒரு பொறி காத்திருந்தது. பென் டிரைவிலிருந்து துவக்கினால் பயாஸ் அதையே முதல் வட்டாகவும், வன்தட்டை இரண்டாம் வட்டாகவும் எண்ணும். சில வேளைகளில் என்டிஎல்டிஆரும் பூட்.ஐஎன்ஐயும் பென் டிரைவிலேயே எழுதப்பட்டுவிடும். எல்லாம் முடிந்தது என்று பென் டிரைவைக் கழற்றினால் கணினி துவங்காது, செருகினால் துவங்கும். வேறு சில வேளைகளில் பூட்.ஐஎன்ஐ வன்தட்டில் சரியாகவே இருக்கும், ஆனால் விண்டோஸ் இரண்டாம் வட்டில் இருப்பதாக அதில் எழுதியிருக்கும். பென் டிரைவ் போனதும் வன்தட்டு முதல் வட்டாகிவிடுவதால் அந்த முகவரி பொய்யாகிவிடும்.

பொய் சொல்லும் பிழைச்செய்திகள்

முகவரி பொய்யானபோது எக்ஸ்பி காட்டிய செய்தி, ஹால்.டிஎல்எல் கோப்பைக் காணவில்லை அல்லது அது சிதைந்துவிட்டது என்பது. அந்தக் கோப்புக்கு ஒன்றும் ஆகியிருக்காது. தவறான பகிர்வில் போய்த் தேடினால் எந்தக் கோப்புதான் கிடைக்கும்? செய்தியை அப்படியே நம்பி ஹால்.டிஎல்எல் கோப்பை வேறு கணினியிலிருந்து கொண்டுவந்து பதித்தவர்கள் அதே திரையை மீண்டும் பார்த்தார்கள். பூட்.ஐஎன்ஐயில் ஓர் எண்ணைத் திருத்துவதே மருந்து.

என்டிஎல்டிஆரைக் காணவில்லை என்ற செய்தியும் இப்படித்தான். கோப்பு உண்மையிலேயே அழிந்திருக்கலாம். முந்தைய நாள் செருகிய பென் டிரைவை எடுக்க மறந்து, கணினி அதிலிருந்து துவங்க முயன்றதாகவும் இருக்கலாம். பிந்தையதற்குப் பழுதுபார்க்கும் கூலி வாங்கிய கடைகள் இருந்திருக்கும் என்று சந்தேகிப்பதில் தவறில்லை.

7பி பிழைக்கும் இரண்டாவது காரணம் ஒன்று உண்டு. புதிய சாட்டா வன்தட்டுகளின் ஏஎச்சிஐ முறைக்கான இயக்கி நிரல் எக்ஸ்பி குறுவட்டில் இல்லை. நிறுவலின் தொடக்கத்தில் எஃப்6 விசையை அழுத்தினால் எக்ஸ்பி அந்த நிரலைக் கேட்கும். அதையும் நெகிழ்வட்டில்தான் கேட்கும். நெகிழ்வட்டு இயக்கியே இல்லாத கணினியின் முன் அமர்ந்து அந்தத் திரையைப் பார்ப்பது வேதனை. பயாஸில் ஏஎச்சிஐ முறையைப் பழைய ஐடிஇ முறைக்கு மாற்றுவது எளிய வழி. என்லைட் போன்ற கருவிகளால் இயக்கி நிரலை நிறுவல் கோப்புகளுக்குள்ளேயே சேர்ப்பது நிலையான வழி.

உண்மையைச் சொல்லும் செய்தி ஒன்றும் உண்டு: கான்ஃபிக் கோப்புறையில் உள்ள சிஸ்டம் கோப்பு சிதைந்துவிட்டது என்பது. பதிவகம் எனப்படும் ரெஜிஸ்ட்ரியின் ஒரு பகுதி அந்தக் கோப்பு. மின்சாரம் திடீரென்று போகும்போது இது கெடுவதுண்டு. விண்டோஸ் நிறுவப்பட்ட நாளில் எடுத்த நகல் ரிப்பேர் கோப்புறையில் இருக்கும். அதைப் பதித்தால் கணினி எழும், ஆனால் பிறகு நிறுவிய நிரல்கள் எதையும் அது அறியாது. அண்மைய நகல்கள் சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷன் கோப்புறையில், மீட்புப் புள்ளிகளாக இருக்கும். ரெகவரி கன்சோலின் தடைகளால் அவற்றை நேராக எடுக்க வழியில்லை. பழைய நகலைப் பதித்து, விண்டோஸைத் துவக்கி, புதிய நகலை எடுத்து, மீண்டும் கன்சோலுக்கு வந்து பதிக்கும் நீண்ட சுற்றுப்பாதையையே மைக்ரோசாப்ட்டின் உதவிக் கட்டுரை சொன்னது. பென் டிரைவில் வேறோர் இயங்குதளம் இருந்தால் இது இரண்டு கோப்புகளை நகர்த்தும் வேலை.

வேறோர் இயங்குதளத்தின் துணை

எக்ஸ்பியைப் பழுதுநீக்க எக்ஸ்பியே தேவையில்லை என்பதை முதலில் பரவலாகக் காட்டியவை நேரடி இயங்குதளங்கள். ஜெர்மனியின் கிளாவுஸ் க்னாப்பர் 2000-இல் வெளியிட்ட க்னாப்பிக்ஸ், வன்தட்டைத் தொடாமல் குறுவட்டிலிருந்தே முழு லினக்ஸையும் இயக்கியது. பின்னர் வந்த பப்பி லினக்ஸ் தன்னை முழுவதும் நினைவகத்தில் ஏற்றிக்கொண்டது. சிறிய, பழைய பென் டிரைவ்களுக்கும் அது பொருந்தியது. ஆனால் எக்ஸ்பியின் என்டிஎஃப்எஸ் வட்டமைப்பை லினக்ஸால் நீண்ட காலம் படிக்க மட்டுமே நம்பகமாக முடிந்தது. கோப்புகளை வெளியே எடுக்க அது போதும். பழுதைத் திருத்த எழுதவும் முடிய வேண்டும். 2007 பிப்ரவரியில் என்டிஎஃப்எஸ்-3ஜி என்ற திறமூல நிரலின் முதல் நிலையான பதிப்பு வந்த பிறகு அந்தக் கதவும் திறந்தது.

விண்டோஸ் வழியில் வந்தவை வேறு. மைக்ரோசாப்ட் 2002-இல் எக்ஸ்பியை அடிப்படையாகக் கொண்டு விண்டோஸ் பிஇ என்ற சிறு பதிப்பை உருவாக்கியது. அது கணினி உற்பத்தியாளர்களுக்கும் பெருநிறுவனங்களுக்கும் மட்டுமே கிடைத்தது. வின்டர்னல்ஸ் நிறுவனத்தின் ஈஆர்டி கமாண்டர் சிறந்த கருவி, ஆனால் விலைக்குரியது. 2006-இல் மைக்ரோசாப்ட் அந்நிறுவனத்தையே வாங்கியது. சாதாரணப் பயனர்களுக்குக் கைகொடுத்தது பார்ட் லாகர்வே என்பவர் எழுதிய பார்ட்பிஇ. பயனர் தம்மிடமுள்ள எக்ஸ்பி குறுவட்டிலிருந்தே ஒரு சிறு விண்டோஸைக் கட்டிக்கொள்ள அது உதவியது. விண்டோஸ் கோப்புகள் எதையும் அவர் வழங்கவில்லை. கட்டும் கருவியை மட்டுமே வழங்கினார்.

இப்படி வெளியிலிருந்து துவக்கும்போது எக்ஸ்பியின் கடவுச்சொல் எதையும் தடுக்காது. வாசலில் காவலாளி நிற்கிறார்; பின்சுவர் திறந்திருக்கிறது. ஆஃப்லைன் என்டி பாஸ்வேர்டு என்ற நிரல் கடவுச்சொல்லையே அழித்துவிடும். மறந்தவருக்கு அது வரம். ஆனால் எக்ஸ்பியின் இஎஃப்எஸ் முறையில் மறையாக்கம் செய்த கோப்புகள் இருந்தால், அப்படிக் கடவுச்சொல்லை அழித்தபின் அவற்றைத் திறக்க முடியாமல் போகும்.

வட்டிலிருந்து விநோதச் சத்தம் வந்தால் செக்டிஸ்க் கட்டளையை ஓட்டுவது பலரின் முதல் செயல். சாகும் நிலையிலுள்ள வட்டை அது மேலும் களைப்பாக்கும். நல்ல பகுதிகளை முதலில் படித்துவிட்டுக் கெட்ட பகுதிகளுக்குப் பிறகு திரும்பும் டிடிரெஸ்க்யூ போன்ற நிரலால் முழு வட்டையும் வேறொன்றில் நகலெடுத்த பிறகே மற்ற வைத்தியம். ஃபிக்ஸ்எம்பிஆர் கட்டளையிலும் இதே எச்சரிக்கை தேவை: பென் டிரைவும் செருகியிருக்கும்போது எந்த வட்டில் எழுதப்போகிறோம் என்பதை மேப் கட்டளையால் பார்த்துவிட்டே தொட வேண்டும்.

தமிழ்ப் பயனர்களுக்கு எக்ஸ்பி குறுவட்டு இன்னொரு வகையிலும் தேவைப்பட்டது. ஒருங்குறித் தமிழைச் சரியாகக் காட்ட, சிக்கலான எழுத்துமுறைகளுக்கான தேர்வை எக்ஸ்பியில் இயக்க வேண்டும். இயக்கியதும் அது குறுவட்டைக் கேட்கும். அதிலுள்ள ஐ386 கோப்புறையைப் பென் டிரைவில் நகலெடுத்து வைத்திருந்தவர்கள், கொம்பும் காலும் இடம்மாறித் தெரிந்த கணினிகளை நிமிடங்களில் சரிசெய்தார்கள்.

மருந்தே நோயைச் சுமந்தபோது

குறுவட்டில் ஒருமுறை எழுதியதை யாராலும் மாற்ற முடியாது. பென் டிரைவில் முடியும். 2008 நவம்பரில் வெளிப்பட்ட கான்ஃபிக்கர் புழுவின் அடுத்த வடிவம் பென் டிரைவ்கள் வழியாகவும் பரவியது. செருகியவுடன் அதிலுள்ள நிரலை ஓட்ட முயலும் எக்ஸ்பியின் ஆட்டோரன் வசதி அதற்குத் துணைபோனது. கடையில் பத்துக் கணினிகளுக்குச் செருகிய பழுதுநீக்கப் பென் டிரைவ், பதினொன்றாவது கணினிக்கு நோயைக் கொண்டுபோகக்கூடும். பென் டிரைவ்களுக்கு ஆட்டோரனை நிறுத்தும் திருத்தத்தை 2011 பிப்ரவரியில்தான் மைக்ரோசாப்ட் விண்டோஸ் அப்டேட் வழியாக எக்ஸ்பி கணினிகளுக்கு அனுப்பியது. எழுதுவதைத் தடுக்கும் சிறு பொத்தான் கொண்ட பென் டிரைவ்களைப் பழுதுபார்ப்பவர்கள் தேடி வாங்கியதற்குக் காரணம் இதுவே.

எக்ஸ்பிக்குப் பின்

விஸ்டா முதல் பூட்.ஐஎன்ஐ மறைந்தது, மீட்புச் சூழல் விண்டோஸ் பிஇயின் மேல் கட்டப்பட்டது. அதனால் நிறுவல் கோப்புகளைச் செயலில் உள்ள பகிர்வு கொண்ட பென் டிரைவில் நகலெடுத்தாலே துவங்கியது. 2009 அக்டோபரில் விண்டோஸ் 7-க்காக மைக்ரோசாப்ட்டே பென் டிரைவ் தயாரிக்கும் கருவியை வெளியிட்டது. அதில் ஜிபிஎல் உரிமமுள்ள பிறர் நிரல் கலந்திருந்தது தெரியவந்து, திரும்பப் பெறப்பட்டு, டிசம்பரில் திறமூலமாக மீண்டும் வந்தது. 2011-இல் வெளியான ரூஃபஸ் இன்றும் பயன்படுகிறது.

ஆதரவு முடிந்த பிறகும் எக்ஸ்பி ஓடிக்கொண்டே இருந்தது. 2017 மே மாதம் வானாக்ரை தாக்கியபோது, மூன்றாண்டுகளுக்கு முன்பே கைவிட்ட எக்ஸ்பிக்கும் மைக்ரோசாப்ட் அவசரத் திருத்தம் வெளியிட வேண்டியிருந்தது. எக்ஸ்பிக்கு மட்டுமே இயக்கி நிரல் உள்ள ஆய்வகக் கருவிகளையும் பட்டறை இயந்திரங்களையும் நம்பியிருப்பவர்கள் இன்னும் அதை எழுப்பிக்கொண்டிருக்கிறார்கள். அத்தகைய கணினிகளில் பென் டிரைவ் எந்த வழியிலும் துவங்காவிட்டால், வன்தட்டையே கழற்றி, ஐடிஇ அல்லது சாட்டா இணைப்பை யுஎஸ்பியாக மாற்றும் கேபிளில் பொருத்தி, ஓடும் கணினி ஒன்றில் செருகுகிறார்கள். அந்தக் கணினி விண்டோஸாக இருந்தால், தனிப்பட்டதாகக் குறிக்கப்பட்ட பயனர் கோப்புறையைத் திறக்க அனுமதி இல்லை என்று வரும். உரிமையை மாற்றிக்கொண்ட பிறகே உள்ளே போக முடியும். லினக்ஸாக இருந்தால் பெரும்பாலும் அந்தக் கேள்வியே எழாது; கோப்புறை நேராகத் திறந்துகொள்ளும்.